லேசரும் மிக்கும் ஒரே ஒட்டில்: 8 மி.மீ. தகட்டோடு பட்ட பாடு

போன வருடம் ஒரு மார்பிள் வெட்டும் மெஷினுக்கு மேசை செய்து கொடுத்தோம். இரண்டு 8 மி.மீ. தகடுகளை நீளவாட்டில் ஒட்டி 1,800 மி.மீ. அகலம் எடுக்க வேண்டும். ஒட்டின் நீளம் 2,440 மி.மீ. வழக்கம் போல ஒரு பக்கம் வி வெட்டி, மிக் மெஷினில், அதாவது கம்பியை மின்பொறியால் (ஆர்க்) உருக்கி ஒட்டும் வெல்டிங் மெஷினில், மூன்று ரன் ஓட்டினோம். ஒட்டு வடிவாகத்தான் இருந்தது. ஆறிய பிறகு குறுக்கே நைலோன் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் 14 மி.மீ. பள்ளம். பிறகு இரண்டு நாள் கேஸ் டோர்ச்சால் சூடு காட்டி, தண்ணீர் ஊற்றி, கெஞ்சிக் கூத்தாடி அதை நிமிர்த்தினோம். இந்த வருடம் அதே முதலாளி இன்னொரு மேசைக்கு வந்து நின்றார். வத்தளைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். "இந்த முறை தோணி வேண்டாம் தம்பி, மேசை தாங்க" என்றார்.

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் பட்டறை. ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வேலைக்கென்று வாங்கிய 3 கிலோவாட் கைலேசர் ஒன்று இருக்கிறது, சீனத் தயாரிப்பு. மிக் மெஷின் இரண்டு. லேசரையும் மிக்கையும் ஒரே உருகிய இரும்புக் குழம்பில், ஒரே நேரத்தில் ஓடவிட்டால் என்ன என்று கேட்டேன். பட்டறையின் மூத்த கை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், முப்பது வருடம் வெல்டிங் அடித்தவர், பிளேன்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு உறையில ரெண்டு கத்தியா தம்பி? சரி வராது."

இது என் சொந்த மூளையில் உதித்த யோசனை இல்லை. 1970களின் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வில்லியம் ஸ்டீன் கார்பன் டையொக்சைட் லேசரோடு ஆர்க்கைச் சேர்த்துப் பார்த்தார். இன்று ஜேர்மனியின் பாப்பன்பேர்க்கில் உள்ள மேயர் கப்பல் தளத்தில் உல்லாசக் கப்பல்களின் தளத்தகடுகளை இந்த முறையில்தான் ஒட்டுகிறார்கள். அவர்களும் பயந்தது எங்கள் தோணியைத்தான்: பெரிய தகடு சூட்டில் வளைந்தால் அதை நிமிர்த்துவதிலேயே காசு போய்விடும். அவர்களிடம் 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட லேசர், அங்குலம் அங்குலமாக ஒட்டைத் தேடிப் போகும் சென்சர், ரயில் பெட்டி மாதிரி கிளாம்ப் எல்லாம் உண்டு. எங்களிடம் 3 கிலோவாட்டும், பழைய சோனகத் தெருவில் வாங்கிய நட்டு போல்ட்டும்.

ஆர்க்கின் சூடு அகலமாகப் பரவும்; மேற்பரப்பில் உருக்கி, பக்கவாட்டில் ஓடி, மெல்ல உள்ளே இறங்கும். லேசர் அப்படி இல்லை. புள்ளியில் சதுர சென்ரிமீற்றருக்கு 10 லட்சம் வாட் அளவு சேர்ந்தால் இரும்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிவிடும். அந்த ஆவி உருகிய இரும்பைத் தள்ளி, உள்ளே ஒரு குழாய் போலத் துளை போடும். கீஹோல் என்பது அதுதான். கதிர் அந்தத் துளைக்குள் இறங்கி அடிவரை போகும். ஒட்டின் வெட்டுமுகம் ஆணி மாதிரி ஒடுங்கி ஆழமாக இருக்கும். ஆனால் லேசருக்குக் கம்பி ஊட்டம் இல்லை, இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு தாள் தடிப்பு இடைவெளி இருந்தாலே கதிர் வழியாகப் போய்விடும். ஆர்க்கோ இடைவெளியை நிரப்பும், ஆழம் போகாது. ஒன்றின் குறை மற்றதின் பலம். நானா சொன்ன இரண்டு கத்தியையும் சேர்த்தால் கத்தரிக்கோல் ஆகாதா என்பதுதான் என் கேள்வி.

3 கிலோவாட்டை விற்கிறவர்கள் 8 மி.மீ. ஒரே அடியில் போகும் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். நாங்கள் கழிவுத் தகட்டில் அடித்து வெட்டிப் பார்த்ததில் நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில், மிக் கூட ஓட, நம்பக்கூடிய ஆழம் 5 மி.மீ. அதனால் ஒரே பக்கத்தில் அடிவரை போகும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் 5, 5 என்றால் நடுவில் 2 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறும். கம்பி உலோகம் இருக்க இடம் வேண்டும் என்பதால் இரு பக்கமும் 2.5 மி.மீ. ஆழச் சாய்வு, நடுவில் 3 மி.மீ. நேர்முகம்.

தகட்டை ஷியரில் வெட்டவில்லை. ஷியர் விளிம்பு உருண்டு, கிழிந்து வரும். பேலியகொடையில் சிஎன்சி லேசர் வெட்டுகிற இடத்தில் கொடுத்து வெட்டினோம். அந்த வெட்டுமுகத்தில் வரும் மெல்லிய நீலத் தோலையும், ஒட்டின் இரு பக்கம் 25 மி.மீ. அகலத்துக்கு மேலே இருக்கும் கறுப்புப் பொருக்கையும் ஃபிளாப் டிஸ்கால் வெள்ளி மின்னும்வரை எடுத்தோம். மிக் வேலைக்கு நானா பொருக்கோடு ஓட்டுவார், குறை வராது. கீஹோலுக்கு அது விஷம். பொருக்கில் இருக்கிற ஒட்சிசன் கார்பனோடு சேர்ந்து வாயுவாகும், குழம்பு சட்டென்று உறைந்துவிடும், வாயு வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே குமிழாக நிற்கும்.

இரண்டு டோர்ச்சையும் சுமக்க, தகடு வெட்டும் கேஸ் கட்டரின் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டோம். தண்டவாளத்தில் ஓடும், வேகம் நிமிடத்துக்கு 750 மி.மீ. வரை திருகலாம். லேசர் துப்பாக்கி முன்னால், கிட்டத்தட்ட நிமிர்ந்து, ஆனால் 7 பாகை சாய்த்து. நேராக நிறுத்தினால் கதிர் பட்டுத் திரும்பி அதே லென்ஸுக்குள் ஏறும். மிக் டோர்ச் பின்னால், படுத்த மாதிரி. கம்பி நுனிக்கும் லேசர் புள்ளிக்கும் இடையே 3 மி.மீ. இந்த 3 மி.மீ.யில்தான் முழு விஷயமும். 1 மி.மீ.க்கு வந்தால் கம்பித் துளி கீஹோலுக்குள் விழுந்து கலக்குகிறது. 6, 7 மி.மீ. போனால் இரண்டு தனித்தனி வெல்டிங், ஒன்றுக்கொன்று உதவி இல்லை. 3இல் வைத்தபோது ஆர்க்கின் சத்தமே மாறியது: படபடவென்று வெடிப்பது நின்று, எண்ணெய்ச்சட்டி மெல்லப் பொரிவது போல ஒரே சீராக வந்தது. லேசர் கிளப்பும் ஆவி மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுப்பதால் ஆர்க் அலையாமல் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. நானா பெட்டிக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது நல்ல சகுனம்.

பெட்டி என்றேன். இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். இந்த லேசரின் அலைநீளம் 1,070 நானோமீற்றர் சுற்று, கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்த கதிரே விழித்திரையைச் சுட்டுவிடும், நோ கூடத் தெரியாது. மிக் மாஸ்க்கின் கறுப்புக் கண்ணாடி ஆர்க் வெளிச்சத்துக்கானது, இந்தக் கதிருக்கு அதை நம்பக் கூடாது. அந்த அலைநீளத்துக்கென்று பொறித்த கண்ணாடியைப் போட்டு, அதுவும் போதாதென்று வண்டி ஓடும் முழு நீளத்துக்கும் 2 மி.மீ. தகட்டில் கூண்டு அடித்தோம். கூண்டுக்கு ஜன்னல் இல்லை. உள்ளே ஒரு மலிவு சிசிடிவி கெமரா, அதன் முன்னால் உடைந்த வெல்டிங் மாஸ்க்கின் கண்ணாடித் துண்டு. வெளியே டிவியில் பார்த்தோம். கதவைத் திறந்தால் லேசர் நிற்கும் சுவிட்ச்.

அந்தச் சுவிட்ச்சுக்குப் பின்னால் ஒரு கதை. கைலேசரில் ஒரு பாதுகாப்பு உண்டு: துப்பாக்கியின் செப்பு மூக்கு தகட்டைத் தொட்டால்தான் கதிர் வரும். தகட்டில் ஒரு மெல்லிய வயரின் கிளிப், மூக்கில் இன்னொரு முனை. தொடும்போது சுற்று முழுமையாகும். முதல் நாள் தகட்டைப் பலகைத் துண்டுகளின் மேல் வைத்து மேசையில் கிளாம்ப் போட்டிருந்தோம். மிக்கின் எர்த் கிளாம்பை எங்கள் பொடியன் மேசைக் காலில் மாட்டினான். ஹட்டன் பக்கத்துப் பொடியன், கெட்டிக்காரன், ஆனால் காலில் பெயின்ட் இருந்ததைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அதனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆர்க் பற்றிய அந்த நொடியில் 180 அம்பியர் திரும்பிப் போக நல்ல வழி தேடியது. கிளாம்ப் பெயின்ட் வழியாக அரைகுறை. லேசர் பெட்டியின் இரும்பு உடம்பு அதே மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றது. தகட்டில் மாட்டிய அந்த மெல்லிய பாதுகாப்பு வயர்தான் அகப்பட்டது. "அண்ணே, புகை!" என்று பொடியன் கத்தியபோது வயரின் உறை ஏற்கெனவே தார் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே கன்ட்ரோல் போர்டில் ஒரு சின்னப் பகுதியும் போய்விட்டது. போர்ட் வரும்வரை 3 வாரம் சும்மா.

போர்ட் வந்ததும் விற்றவர்களின் டெக்னீசியனையே அழைத்து, தொடு பாதுகாப்பைக் கூண்டுக் கதவுக்கும் காலால் மிதிக்கும் சுவிட்ச்சுக்கும் மாற்றித் தரச் சொன்னோம். வண்டியில் ஓடும்போது மூக்கு தகட்டைத் தொடாது, ஆகவே மாற்றத்தான் வேண்டும். இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டிவிட்டால் போச்சு என்று யூடியூபில் சொல்கிறார்கள். கட்டினால் பாதுகாப்பே இல்லை, கதிர் எந்நேரமும் வரும். மிக்கின் எர்த்தை இப்போது தகட்டிலேயே, கிரைண்டர் போட்ட இடத்தில், இரு முனையிலும் மாட்டுகிறோம். லேசர் பெட்டி ரப்பர் பாயில் நிற்கிறது.

அடுத்தது கொழும்பு வெக்கை. லேசருக்குக் குளிர்தண்ணீர் சில்லர் இருக்கிறது. மெஷினோடு வந்த தாளில் 22 பாகை என்று இருந்ததால் 22இல் வைத்தோம். மூன்றாவது நாள் காலை கதிரின் பலம் குறைந்த மாதிரி, ஒட்டில் ஆழம் இல்லை. துப்பாக்கியின் முன்கண்ணாடியைக் கழற்றினால் உள்பக்கம் பனித்துளி! ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்கிற அதே சங்கதி. கடற்கரை ஊரில் காற்றின் பனிநிலை வருடத்தில் பல நாட்கள் 24 பாகைக்குக் கிட்ட நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த எதிலும் ஈரம் படியும். குளிர் நாட்டில் எழுதிய தாளுக்கு முகத்துவாரத்துக் காற்று தெரியாது. 27 பாகைக்கு ஏற்றினோம், அதற்குப் பிறகு வியர்க்கவில்லை. கண்ணாடியை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைப் படுக்கவைத்து மாற்றுங்கள். ஒரு தூசி ஒட்டினால் அந்த இடத்தில் சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். மிக்கின் பொறியால் எங்களுக்கு முதல் வாரத்தில் 5 கண்ணாடி போனது.

மின்விசிறி என்றதும் ஞாபகம் வருகிறது. கீஹோலிலிருந்து வரும் இரும்புப் புகை மிக நுண்ணியது, கூண்டுக்குள் நிரம்பும், இழுத்து வெளியே விடத்தான் வேண்டும். இழுக்கும் குழாயை ஒட்டுக்குக் கிட்ட வைத்தபோது அது, காற்று படாமல் ஒட்டை மூடும் கேஸையும் சேர்த்து இழுத்து, ஒட்டு முழுக்க அப்பம் மாதிரி ஓட்டை. அரை மீற்றர் தள்ளி வைத்ததும் சரியானது. கேஸ், ஆர்கன் 80, கார்பன் டையொக்சைட் 20 கலவை, நிமிடத்துக்கு 18 லீற்றர். பழைய கார்பன் டையொக்சைட் லேசர் காலத்தில் ஹீலியம் வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் மேலே உண்டாகும் பிளாஸ்மா கதிரைக் குடித்துவிடும். இப்போதைய ஃபைபர் லேசரின் குறுகிய அலைநீளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹீலியம் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

சரி, முதல் நல்ல ஒட்டு. 300 மி.மீ. துண்டு இரண்டு, இரு பக்கமும் ஓட்டி முடித்தோம். மேலே மீன் செதில் மாதிரி அடுக்கு, ஓரத்தில் வெட்டு விழவில்லை, நானாவே விரலால் தடவிப் பார்த்தார். அனுப்பிவிடலாம் போல இருந்தது. பேண்ட்சோவில் குறுக்கே அறுத்து, 120இலிருந்து 600 வரை எமரித் தாளில் தேய்த்து, நைட்ரிக் அமிலம் தடவினேன். அமிலம் செட்டியார் தெருவில் தெரிந்த ஒரு நகைப் பட்டறையில் கொஞ்சமாகக் கிடைத்தது. 100 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் 5 மில்லிலீற்றர் அமிலம். அமிலத்தைத்தான் ஸ்பிரிட்டில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கையுறை, திறந்த ஜன்னல். கலந்ததைப் போத்தலில் மூடி வைக்காதீர்கள், அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே தண்ணீரில் கரைத்துக் கொட்டுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நொடியில் சாம்பல் நிறத்தில் படம் எழுந்தது. மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி, தலைகள் வெளியே, கூர்கள் உள்ளே. ஆனால் இரண்டு கூரும் சந்திக்கவில்லை, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு பக்கத்தில் போயிருந்தன. நடுவில் தலைமுடி தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு, ஒன்றரை மி.மீ. நீளம். அது பழைய தகட்டு விளிம்பு, உருகவே இல்லை. மேல்பக்கக் கதிர் ஒட்டுக் கோட்டிலிருந்து 0.7 மி.மீ. தள்ளி இறங்கியிருக்கிறது. மிக்கில் இதெல்லாம் கணக்கில்லை, ஆர்க் 8 மி.மீ. அகலம் உருக்கும். ஆணியின் கூரோ ஒரு மி.மீ. சொச்சம்தான். முகம் அவ்வளவு அழகு, நெஞ்சுக்குள்ளே பிளவு. நானா அந்தத் துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, நீண்ட நேரம் பார்த்தார். "இத அறுக்காம குடுத்திருந்தா?" என்றார்.

காரணம் தேடி இரண்டு நாள் போனது. துப்பாக்கியிலிருந்து வரும் சிவப்பு வெளிச்சப் புள்ளியை ஒட்டில் வைத்துத்தான் வண்டியை நேராக்கியிருந்தோம். முன்கண்ணாடி மாற்றி மாற்றி, அந்தச் சிவப்புப் புள்ளியும் உண்மைக் கதிரும் வேறு வேறு இடத்தில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு துண்டுத் தகட்டில் ஒரே ஒரு நொடி சுட்டு, கருகிய புள்ளிக்கும் சிவப்புக்கும் உள்ள தூரத்தை அளந்தபோதுதான் பிடிபட்டது. இப்போது ஒவ்வொரு முறை கண்ணாடி மாற்றிய பிறகும் அந்த ஒரு நொடிச் சூடு கட்டாயம். இன்னொன்றும் செய்கிறோம்: ஒட்டும் முன்பே ஒட்டுக் கோட்டிலிருந்து சரியாக 10 மி.மீ. தள்ளி, இரு பக்கமும் ஸ்கிரைபரால் கோடு கீறிவிடுவது. ஒட்டிய பிறகு பழைய கோடு எங்கே இருந்தது என்று கண்ணால் தெரியாது. அந்த இரண்டு கீறலுக்கும் நடுவில் ஒட்டின் மையம் நிற்கிறதா என்று அளந்தால் அறுக்காமலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

கம்பியின் அளவிலும் தப்புப் பண்ணினோம். பழக்கத்தில் 1.2 மி.மீ. கம்பி, 240 அம்பியர் என்று ஆரம்பித்தால் ஒட்டு முதுகெலும்பு மாதிரி 2 மி.மீ.க்கு மேல் எழும்பி நின்றது. சாய்வு சின்னது, அவ்வளவு உலோகத்துக்கு இடமில்லை. 1 மி.மீ. கம்பி, 180 அம்பியர், 24 வோல்ட், கம்பி வேகம் நிமிடத்துக்கு ஏழரை மீற்றர், வண்டி 600 மி.மீ. என்று இறக்கியதும் முதுகு 1 மி.மீ.க்கு வந்தது. லேசரில் கதிரை இடம் வலமாக ஆட்டும் வசதியை முழுக்க நிறுத்திவிட்டோம். அது மெல்லிய தகட்டுக்கு நல்லது, இங்கே ஆழத்தைத் தின்றுவிடும்.

இந்த அளவில் செய்த துண்டை அறுத்தால் இரண்டு கூரும் 2 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று ஏறியிருந்தன. 40 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி, ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் 32 மி.மீ. உருளையின் மேல், மேல்முகம் வெளியே ஒன்று, கீழ்முகம் வெளியே ஒன்று என்று மடித்தோம். லாடம் மாதிரி மடிந்தன, வெடிப்பு இல்லை.

உண்மையான மேசை. ஒன்றரை நாள் ஆயத்தம்: தகட்டைப் படுக்க வைத்து, இடைவெளியைப் பீலர் கேஜால் ஒவ்வோர் 100 மி.மீ.க்கும் பார்த்து, 0.2 நுழைந்தால் விடு, 0.5 நுழைந்தால் அந்த இடத்தில் இன்னொரு கிளாம்ப். 150 மி.மீ.க்கு ஒரு டாக் (தகடு அசையாமல் பிடிக்கும் சின்ன ஒட்டு), அதையும் கம்பி இல்லாமல் லேசராலேயே. மிக் டாக் வைத்தால் மேடு நிற்கும், வண்டி அந்த மேட்டில் வரும்போது கதிரின் குவியம் தப்பும். இரு முனையிலும் 60 மி.மீ. உபரித் துண்டு ஒட்டி, தொடக்கமும் முடிவும் அதில் விழும்படி வைத்தோம். கடைசியில் கீஹோல் மூடும் இடத்தில் எப்போதும் ஒரு குழி வரும், அது மேசையில் வர வேண்டாம். ஆயத்தமெல்லாம் முடிந்து, மிதித்து, ஓடி முடிந்தது 4 நிமிடம். 275 கிலோத் தகட்டைச் செயின் புளொக்கில் தூக்கிப் புரட்ட ஒரு மணி நேரம். மறுபக்கம் இன்னொரு 4 நிமிடம்.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. கடைசி 200 மி.மீ.யில் சூட்டில் தகடு விலகி இடைவெளி 0.8 வரை திறந்துவிட்டது. முதல் பக்கம் ஓடும்போதே டிவியில் பொறி கீழே ஒழுகுவது தெரிந்தது. லேசர் தனியாக ஓடியிருந்தால் அங்கே ஓட்டைதான். மிக் கம்பி சமாளித்துப் பாலம் போட்டது, ஆனால் அடியில் துளித்துளியாகத் தொங்கியது. புரட்டிய பிறகு அந்த 200ஐயும் கிரைண்டரால் தோண்டி, நானா கையால் மிக் ஓட்டினார். அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

ஆறிய பிறகு நூல் பிடித்தோம். 1,800 மி.மீ. குறுக்கே 2 மி.மீ. கால்களின் திருகாணியிலேயே சரிக்கட்டக்கூடிய அளவு.

நானா விடவில்லை. "ரெண்டு பக்கமும் ஒட்டினதாலதானே தம்பி வளையல்ல? மிக்கிலயும் ரெண்டு பக்கம் ஒட்டலாமே" என்றார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய மூன்று ரன்னில் மில்லிமீற்றர் ஒன்றுக்கு இறங்கிய சூடு கிட்டத்தட்ட 2.5 கிலோஜூல். புதியதில் லேசரின் 0.3, மிக்கின் 0.43, இரண்டு பக்கமும் சேர்த்து 1.46. நாற்பது வீதம்தான் குறைவு, பள்ளமோ 14இலிருந்து 2க்கு வந்திருக்கிறது. ஆக, நானா சொன்னது பெரும்பாலும் சரி: இரு பக்கமும் ஒரே அளவு இழுத்ததால்தான் மிச்சம் சமன்பட்டது. சோதிக்க 300 மி.மீ. துண்டொன்றை இரு பக்கம் வி வெட்டி நானா மிக்கிலேயே ஓட்டினார். வளைவு எங்கள் லேசர்த் துண்டைவிட இரண்டு மடங்கு சொச்சம், பழைய மேசையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அவர் முதல் பக்கம் ஓட்டி, புரட்டி, அடியைத் தோண்டி, மறுபக்கம் ஓட்டி, வளைவு பார்த்து மீண்டும் புரட்டினார். 275 கிலோவை இரண்டு தடவை புரட்ட எங்கள் செயின் புளொக்குக்கும் முதுகுக்கும் விருப்பமில்லை. ஒரே ஒரு மேசை என்றால் நானாவின் வழியில்தான் போவேன். முதலாளி இன்னும் 4 கேட்டிருக்கிறார். கூண்டும் வண்டியும் ஏற்கெனவே நிற்பதால் அங்கே லேசர்.

பொயிலர், கேஸ் தாங்கி, பாலத்து பீம் என்று யாராவது இதைப் படித்துவிட்டு இறங்கினால் என் பொறுப்பில்லை. இந்த முறைக்கென்றே ஐஎஸ்ஓ 15614 இன் 14ஆம் பகுதி இருக்கிறது, செய்முறையைச் சோதித்து நிரூபித்த பிறகே அந்த மாதிரி வேலை. மேசை உடைந்தால் மார்பிள் உடையும், அவ்வளவுதான்.

இப்போது ஒருவர் 12 மி.மீ.க்குக் கேட்டு வந்திருக்கிறார். 5ம் 5ம் 10தான். இரு பக்கமும் 4 மி.மீ. சாய்வு வெட்டி, நடுவில் 4 மி.மீ. நேர்முகத்தை மட்டும் லேசரும் மிக்கும் பிடிக்க, மேலே மிச்சத்தை நானா மிக்கில் நிரப்புவது என்று பேசியிருக்கிறோம். சாய்வின் அடியில் கதிர் எட்ட நொசிலை இறக்க வேண்டும், இறக்கினால் மிக் டோர்ச் இடிக்கிறது. முதல் துண்டு நேற்று ஓட்டியாகிவிட்டது. அறுத்து வைஸில் மாட்டியிருக்கிறேன், எமரி 400இல் நிற்கிறது. ஸ்பிரிட் தீர்ந்துபோனதால் பொடியனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.